தனத்தின் கிடேரிக்கு எடுத்த மூன்று படங்கள்

என் மாலதிக்கு,

நீ போய் எட்டு மாதம் முடிந்துவிட்டது. உன் அண்ணன் இன்னும் உன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டு வைக்கிறார். எதற்கு என்று நானும் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கடிதம் அழுவதற்காக இல்லை. எக்ஸ்ரே அறையைத் திறந்துவிட்டேன். அதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

விழுப்புரத்தில் மனிதர்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், திண்டிவனத்தில் என் கால்நடை கிளினிக்குக்கு வந்து சேர்ந்தாய். "அங்க மூச்ச அடக்குங்கன்னா அடக்குவாங்க. இங்க யாருகிட்ட சொல்றது அண்ணி?" என்று முதல் நாளே சிரித்தாய். அறுவை எனக்கு, படம் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். மின்னழுத்தம் எத்தனை கேவி வைக்கிறாய், எவ்வளவு நேரம் கொடுக்கிறாய் என்று ஒரு நாளாவது நான் கேட்டேனா? படம் கைக்கு வரும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். ஐந்து நாள் காய்ச்சலில் நீ போனபின், அந்த அறையைப் பூட்டிவிட்டு, படம் தேவைப்பட்ட எல்லோரையும் புதுச்சேரிக்குப் போகச் சொன்னேன்.

எல்லோரும் போகவில்லை, மாலதி. காணை ஊரிலிருந்து ஒருவர் நொண்டுகிற கன்றைக் கொண்டுவந்தார். தடவிப் பார்த்துச் சுளுக்கு என்றேன். அது எலும்பு முறிவு. பத்து நாள் கழித்து மறுபடி வந்தபோது சீழ் கட்டி, காப்பாற்ற முடியாமல் போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அடுத்து வந்தவள் தனம், மயிலம் பக்கம். குட்டியானை வண்டியில் தன் சினைக் கிடேரியை ஏற்றிக்கொண்டு வந்தாள். வாய்க்காலில் விழுந்ததாம். முன்காலின் கீழ்ப்பகுதி வீங்கி, தரையில் ஊன்றவே மாட்டேன் என்றது. இது தேறாது, விற்றுவிடு என்று சொன்ன தனத்தின் கொழுந்தனார், அடிமாட்டு வியாபாரிக்கும் சொல்லிவிட்டாராம். சாயங்காலம் ஆள் வருவான். புதுச்சேரி வரை வண்டியில் குலுங்கினால் கால் இன்னும் கெடும் என்று எனக்கே தெரிந்தது.

"ஒடஞ்சிருந்தா ஒடஞ்சிருக்குன்னு காட்டுங்க டாக்டரம்மா. எல்லாரும் வாயாலயே சொல்லிக்கினு இருக்காங்க."

சாவியை எடுத்தேன்.

பிலிம் வைக்கும் கேசட்டைத் திறந்து, உள்ளே எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் ஸ்கிரீனைத் துடைத்தேன். பிரிக்காத பொட்டலத்திலிருந்து, படம் கழுவப் புது டெவலப்பரும் ஃபிக்ஸரும் கரைத்தேன். சிவப்பு விளக்கில் பிலிமைப் போட்டு மூடினேன். முதல் படம் முழுக்கச் சாம்பல். எக்ஸ்ரே படாத ஒரு பிலிமை எடுத்து அப்படியே கழுவிப் பார்த்தேன், அதுவும் சாம்பல். மூடிய அறையின் வெக்கை பிலிமைப் பெட்டியோடு தின்றிருக்கிறது. நல்ல பிலிமை நான்தான் பாழாக்கினேன்.

எந்தப் பிலிம் வாங்குவது என்று கேட்க, விழுப்புரத்தில் உன்னோடு வேலை பார்த்தவருக்குப் போன் செய்தேன். "உங்க ஸ்கிரீன் பச்சையா, நீலமா?" என்று கேட்டார். ஸ்கிரீன் எந்த நிறத்தில் ஒளிர்கிறதோ அதற்கேற்ற பிலிம் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருட டாக்டர்! கேசட்டின் முதுகில் இருந்த எழுத்தைப் படித்து, விழுப்புரத்தில் ஆபீசில் இருந்த உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் அரை நாள் லீவு போட்டு, பிலிம் பெட்டியை வாங்கிப் பையில் வைத்துப் பைக்கிலேயே வந்தார். எக்ஸ்ரே அறை வாசலோடு நின்றுவிட்டார். நீ போனபின் அவர் அந்தப் படியை மிதித்ததில்லை.

தனம் கேசட்டைக் கையால் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். கதிர் படும், கூடாது என்றேன். இதே வார்த்தைக்காக நீ எத்தனை பேரிடம் சண்டை போட்டாய், நானே உன்னைக் கோபித்திருக்கிறேன். ஈய ஏப்ரனும் கையுறையும் மாட்டிக்கொண்டு, நீளக் கைப்பிடியில் கேசட்டைச் செருகி நான் பிடித்தேன். பட்டனை யார் அழுத்துவது?

உன் அண்ணன் உள்ளே வந்தார். ஈயத் தடுப்புக்குப் பின்னால், பட்டன் பக்கத்தில் போய் நின்றார்.

இரண்டாவது படம் வெளுத்துப்போனது. எலும்பு சுண்ணாம்புக் கட்டிபோல் இருந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சுவரில் நீ ஒட்டிய அளவுப் பட்டியலில் நாயும் ஆடும் இருக்கின்றன, மாட்டுக்கான வரிசை காலி. மாட்டுக்கு நீ கண்ணாலேயே கணக்குப் போடுவாய். எனக்கு அந்தக் கண் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். நேரத்தைக் கூட்டலாம், ஆனால் கிடேரி நடுங்கிக்கொண்டிருக்கிறது, படம் கலங்கும். காலின் பருமனை அளந்து கேவியைக் கூட்டினேன். வாசலுக்கு வெளியே நின்று தனம், "நில்லுடி, தங்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நொடி அது அசையாமல் நின்றது.

"இப்போ," என்றேன். அழுத்தினார்.

மூன்றாவது படத்தில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு. எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, விலகவில்லை. மாவுக்கட்டு போதும். தனத்திடம் கோட்டைக் காட்டினேன். அவள் ஈரம் சொட்டும் பிலிமையே வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கொழுந்தனாருக்குப் போன் செய்து, "ஆள வரவேணாம்னு சொல்லிடுங்க. நான் பாத்துட்டேன்" என்றாள்.

ஆறு வாரம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பிரித்தேன். மறுபடி எடுத்த படத்தில் எலும்பு கூடியிருக்கிறது. கிடேரி லேசாகச் சாய்த்துத்தான் நடக்கிறது, அந்த நொண்டல் முழுதாகப் போகுமா என்று இப்போது சொல்ல முடியாது. தனத்திடமும் அப்படியே சொன்னேன். வயிற்றில் கன்று நன்றாக இருக்கிறது.

அன்று பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்த உன் அண்ணன் என்ன கேட்டார் தெரியுமா? "தெனமும் மாலதி அந்தத் தடுப்புக்குப் பின்னாலதான் நின்னுக்கினு இருந்துச்சா?" ஆமாம் என்றேன். குழாயடியில் போய் வெகுநேரம் முகம் கழுவினார். இப்போது சனிக்கிழமைகளில் அவரே வருகிறார்.

மாட்டுக்கான வரிசையில் கால் பருமன், கேவி, நேரம் என்று மூன்று எண்கள் எழுதியிருக்கிறேன், மாலதி. மீதியையும் நிரப்புவேன். படம் வெளுத்தால் வெளுத்தது என்பேன், மறுபடி எடுப்பேன். பார்க்காத எலும்பைப் பார்த்ததுபோல் இனி யாரிடமும் பேச மாட்டேன். காணைக்காரரிடம் நேரில் போய், தவறு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். நாளைக் காலை முதல் பஸ்.

உன் அண்ணி,
ரேவதி