இரண்டாம் வெர்ஷனில் நீ சேர்த்த வசதி

இன்று காலை மெட்ராஸிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் புது பிளாப்பியின் பிளாஸ்டிக் நெடி மூக்கில் ஏறியது. அதோடு இரண்டு பக்கத்துக்கு அச்சடித்த ஒரு தாள். யார் ஒரு கோப்பைத் திருத்தினாலும், திருத்துவதற்கு முந்தைய பிரதியைப் பத்திரமாக எடுத்து வைக்கும் புரோகிராம் ஒன்றின் புது வெர்ஷன். நான் இப்போது வேலை பார்க்கும் திண்டிவனம் அலுவலகத்துக்காக வாங்கியிருக்கிறார்கள். தாளில் ஒரு பக்கம் மேம்பாடுகள், மறுபக்கம் சரிசெய்யப்பட்ட பிழைகள். பாதியில் கரண்ட் போனாலும் பிரதி கெடாதாம். மாறிய வரிகளை மட்டும் சேமிப்பதால் இடம் மிச்சமாம். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: பழைய பிரதிகளை இனி யாராலும் அழிக்க முடியாது.

படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இதையெல்லாம் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நீ செய்து முடித்து வருஷங்கள் ஆகிவிட்டன என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்தக் கடைசி வரியை நீயே உன் கையால் கெடுத்த கதையையும் சொல்ல வேண்டி வரும். போன ஆடியில் நீ செத்துப்போனாய். செத்துப்போனவனைப் பற்றி எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வரவில்லை. வருவதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு. உனக்கு ஊர் பனமலை. என் அத்தாவுக்குச் செஞ்சியில் பூட்டுக்கடை. எண்பத்தாறில் ஒரு தனியார் சர்க்கரை ஆலை நம் ஊரில் கரும்பு அலுவலகம் திறந்து, அதில் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்தபோது நம் இருவரையும் சேர்த்து எடுத்தார்கள். கடைத்தெருவிலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். குளிர் வெளியே போய்விடும் என்று ராஜகிரிக் கோட்டையைப் பார்த்த ஜன்னலை அட்டை வைத்து மூடினார்கள். விவசாயிகள் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும். மேனேஜர் மட்டும் செருப்புக் காலோடு வந்து, அந்த அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். கம்ப்யூட்டரால் அந்த அலுவலகத்துக்குக் கிடைத்த முதல் பயன் அவருடைய சாப்பாடு குளிர்ச்சியாக இறங்கியதுதான்.

நம்மிடம் இருந்தது ஒரே ஒரு பட்டியல். வயல் வயலாகப் போய்ப் பார்த்துவரும் ஆலையின் ஃபீல்டுமேன்கள் சொன்னபடி எந்த விவசாயி எந்த மாதம் கரும்பு நட்டார், யாருக்கு முதலில் கட்டிங் ஆர்டர் என்கிற வரிசை. முதலில் நட்டவருக்கு முதலில் வெட்டு. ஆர்டர் வராமல் ஒருவரும் வெட்ட முடியாது. ஆர்டர் இரண்டு மாதம் தள்ளிப்போனால் கரும்பு பூத்து, உள்ளே சக்கையாகிவிடும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்க நைனாவும் கரும்பு போட்டவர்தான்.

அந்தப் பட்டியலில் பெயர்கள் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தன. கேட்டால் கம்ப்யூட்டர் போட்டது என்று மேனேஜர் சொல்லிவிடுவார். உனக்கு அது பிடிக்கவில்லை. விவசாயிக்காக இல்லை. கம்ப்யூட்டரைப் பொய்க்குச் சாக்காக்குகிறார்களே என்று உனக்கு எரிச்சல். இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாய். யார் வந்து உட்கார்ந்தாலும் அது முதலில் பெயரைக் கேட்கும். பட்டியலில் எந்த வரியை மாற்றினாலும் பழையதை ஒரு பிரதி எடுத்து, யார், எப்போது, எதை மாற்றினார் என்று எழுதி வைத்துக்கொள்ளும். முதல் வாரம் எல்லா மாற்றமும் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி நடந்ததாகக் காட்டியது. அணைத்துப் போட்டால் அந்த மிஷினுக்குத் தேதி மறந்துவிடும், காலையில் எழுந்ததும் அதற்கு எப்போதும் அதே தேதிதான். நீ தலையில் அடித்துக்கொண்டு, பெயரோடு தேதியையும் கேட்கும்படி திருத்தினாய். அந்த நாட்களில் உன்னைப் போல ஒருவன் இந்தத் தாலுகாவிலேயே இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். உன்மேல் எனக்குள்ள வெறுப்பு மூளை இல்லாதவன்மேல் வரும் வெறுப்பு இல்லை.

அடுத்த தையில் பச்சையம்மாள் வந்தாள். உன் ஊர்க்காரி. உங்க நைனாவின் நிலத்துக்கு அடுத்த மடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தவள். புருஷன் இல்லை. தையில் நட்டு வருஷம் திரும்பியும் ஆர்டர் வரவில்லை. நீ சாப்பிடப் போயிருந்தாய். அவள் என் மேஜைக்கு எதிரே நின்று நிதானமாகத்தான் கேட்டாள்.

"எம் பேரு மேலதான் இருந்திச்சி பாய். ஃபீல்டுமேன் காட்னாரு. இப்ப எங்கியோ கீழ கெடக்குது. யாரு எறக்கனது?"

உன் புரோகிராமிடம் கேட்டேன். ஒரு நிமிஷத்தில் காட்டிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பங்குனி நடவு ஒன்று தை நடவாக மாறியிருந்தது. அந்தப் பெரிய நிலம் மேனேஜரின் மச்சானுடையது. மாதத்துக்கு இத்தனை ஏக்கர் என்கிற கணக்கு இடிக்கக் கூடாது என்பதற்காகத் தையில் நட்ட சின்ன விவசாயிகள் சிலர் பங்குனிக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். அதில் ஒரு பெயர் பச்சையம்மாள். மாற்றியவர் பெயர் என்கிற இடத்தில் மேனேஜர் தன் பெயரை முழுசாக அடித்து, பின்னால் பி.ஏ. என்றும் போட்டிருந்தார். மிஷின் பெயரைக் கேட்பது தனக்குக் கொடுக்கும் மரியாதை என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

நீ திரும்பி வந்ததும் காட்டினேன். கையைத் தேய்த்துக்கொண்டு, "பாத்தியா, புடிச்சிருச்சி" என்றாய். பச்சையம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று அதை நான் கவனிக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆலையிலிருந்து பெரிய அதிகாரி வரும் விவசாயிகள் கூட்டத்தில் காட்டுவது என்று நாம் பேசி முடிவு செய்தோம்.

அதற்குள் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. உன்னை உள்ளே கூப்பிட்டார். உனக்கு டீ வரவழைத்தார். ஒரு மணி நேரம் கழித்து நீ வெளியே வந்தபோது உன் முகத்தில் ஒரு பளபளப்பு. மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கப் போகிறார்கள், உன் பெயரை எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னாராம். அதோடு ஒரு சின்ன யோசனையும் சொன்னாராம். ஒருவன் தவறுதலாக அடித்தது காலத்துக்கும் நிற்க வேண்டுமா, வேண்டாத பிரதியை நீக்க ஒரு வழி இருக்கக் கூடாதா என்று.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நீ எனக்கு அதை விளக்கினாய். நியாயமான வசதிதான், எல்லா நல்ல புரோகிராமிலும் அது இருக்கத்தான் வேண்டும், கருவி செய்பவனுக்கும் அதைப் பயன்படுத்துபவனுக்கும் சம்பந்தமில்லை என்றெல்லாம் பேசினாய். அழித்தால் அழித்தவன் பெயர் பதிவாகும் என்றாய். அந்தப் பதிவையும் சேர்த்து அழித்தால் என்று கேட்டேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அத மூணாவது வெர்ஷன்ல பாத்துக்கலாம்டா" என்றாய்.

ஒரே வாரத்தில் இரண்டாம் வெர்ஷன் தயார். அதில் நல்ல வேலையும் இருந்தது, மறுக்கவில்லை. முழுப் பட்டியலையும் திரும்பத் திரும்பச் சேமித்துப் பிளாப்பி நிறைந்துபோவது நின்றது. கரண்ட் போய்ப் பிரதி பாழாவது நின்றது. அந்த நல்ல வேலைகளுக்கு நடுவில்தான் நீ மேனேஜரின் வசதியைச் செருகியிருந்தாய். ஃபீல்டுமேன்களுக்குச் சுற்றறிக்கை வேண்டும் என்றார்கள். தமிழ் டைப்பில் நான் ஹையர் முடித்தவன். நீ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை நான் தமிழாக்கி அடித்தேன். 'தேவையற்ற பழைய பிரதிகளை நீக்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது.' இந்த வரியையும் மற்ற வரிகளைப் போலத்தான் அடித்தேன். அடித்து, உருவி, சுவரில் ஒட்டினேன்.

கூட்டத்தன்று அந்தச் சின்ன அறையில் இருபது பேர் நின்றார்கள். பச்சையம்மாள் கதவோரம் நின்றாள். நான் பிரிண்டை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதை மிஷினில் காட்டுங்கள் என்றார். நீ நாற்காலியில் உட்கார்ந்து தேடினாய். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையே இல்லை. திங்களுக்கு அடுத்து புதன், அழித்தவன் பெயரும் இல்லை. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி உன்னிடம்தான் கேட்டார், இப்படி ஒரு பிரதி இதில் இருந்ததா என்று.

"அப்படி ஒண்ணு இருந்ததா எனக்குத் தெரியலீங்க சார்."

குரல் கூடத் தடுமாறவில்லை உனக்கு. மேனேஜர் பொய் சொன்னால் அவருக்கு ஒரு மச்சான் இருந்தான், சொன்னார். உனக்கு என்ன இருந்தது? நீ பெற்ற ஒன்றை, சரியாக வேலை செய்த ஒன்றை, இருபது பேர் முன்னால் இல்லை என்று சொன்னாய். ஒரு வேலை மாற்றத்துக்காக. இத்தனை அறிவு இத்தனை மலிவாகப் போகும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். காகிதத்தில் யாரும் எதையும் அடிக்கலாமே, மிஷினில் இல்லையே என்றார். இந்த மிஷினிலிருந்து வந்த காகிதம்தான் என்றேன். பிறகு எங்கே போனது என்று கேட்டார். பதில் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். நான் உன்னைப் பார்த்தேன். நீ கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கையை நீட்டவில்லை.

கூட்டம் கலைந்தது. படியில் பச்சையம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் நிமிராமலே, "பொட்டி பொய் சொல்லாதுன்னாங்க. பொட்டி ஒண்ணும் சொல்லல பாய். எங்க ஊரு புள்ளதான் சொல்லிச்சி" என்றாள்.

அவளுக்குச் சித்திரை கடைசியில்தான் ஆர்டர் போனது. அதற்குள் கிணறு வற்றி, கரும்பு பூத்து, நின்ற நிலையிலேயே காய்ந்திருந்தது. வெட்டிய கட்டைத் தலையில் தூக்கினால் சுமையே தெரியவில்லை என்று ஃபீல்டுமேன் வந்து சொன்னார். அதன்பிறகு அவள் கரும்பு போடவில்லை. நான் அந்த ஆனியில் வேலையை விட்டேன். நீ மெட்ராஸ் போனாய்.

அங்கே உனக்குக் கிடைத்தது பகலெல்லாம் பெயர்ப்பட்டியல் அடிக்கும் வேலை. பொங்கலுக்கு வந்தபோது நீயே சொன்னாய். உன் புரோகிராமை அங்கே ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, உன் மேலதிகாரிக்குப் பிளாப்பியை எந்தப் பக்கம் செருகுவது என்றே தெரியாது என்று சொல்லி, நான் உனக்காக வருத்தப்படுவேன் என்று காத்திருந்தாய். மூன்றாவது வெர்ஷன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது யாருக்குடா வேணும்" என்று சிரித்தாய். நாம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மஞ்சள் காமாலை என்றார்கள். முற்றவிட்டு ஊருக்கு வந்தாயாம். செய்தி கேட்டு வந்தேன். உன் வாசலில் உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார், கையில் பெரிய ரோஜா மாலை. உன் காலடியில் வைத்துவிட்டு உங்க நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மாதிரி நேர்மையான பையனை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். உங்க நைனா அழுதார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு உன்மேல் இருந்ததைவிட அந்த மாலைமேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் யோசித்தால், அந்த மாலைக்கு உரியவனாக உன்னை ஆக்கிக்கொண்டது நீதான்.

உன்னை எடுத்துக்கொண்டு போனபின் ஏரிக்கரை வழியாக பஸ்ஸுக்கு நடந்தேன். பச்சையம்மாள் பின்னாலேயே வந்தாள். உனக்காக அழுது முகம் வீங்கியிருந்தது. நீ பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். பிறகு அவள் சொன்னாள்.

"அவன் சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பாய். சின்னதுல இருந்து பாத்த மூஞ்சி. ஒன்னதான் எனக்குத் தெரியல. ஒனக்கு வெவரம் தெரிஞ்சிருந்திச்சா, இல்ல நீயும் ஏமாந்து நின்னியா?"

கரையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, டீக்கடை, சுற்றறிக்கை, சுவரில் ஒட்டியிருந்த தாள், அதை அடித்த கை யாருடையது என்பது வரை. நான் முடித்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிதான் நின்னியா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் தீர்ந்த மாதிரிதான் சொன்னாள். பிறகு தன் கொல்லைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

உன்னை மன்னிக்கச் சொல்லி மனசு ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டாலும் மன்னிக்க மாட்டேன். ஆனால் உன்னை நினைக்கும்போதெல்லாம் இப்போது உன் குரல் வருவதில்லை. அவள் குரல்தான் வருகிறது. அவள் கேட்டது என்னை.