நாலு பீங்கான்

பொம்மிடி
12.10.1987

மகன் முனாபுக்கு அத்தா அப்துல் கனி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ எனக்குச் செய்தது தவறு. நான் உயிரோடு இருக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்காமல் துபாயிலிருந்து டிஜிட்டல் டிவியை அனுப்பினாய், அதை மாட்டும் பொறுப்பையும் உன் தம்பி காஜாவிடம் கொடுத்தாய். அல்லாஹ்வின் கிருபையால் இன்றுவரை எல்லோரும் இருக்கிறோம். நாளைக்கு எப்படியோ, எனக்குப் பயமாக இருக்கிறது.

பெட்டி சும்மா வந்தது என்று நினைக்காதே. மெட்ராஸில் சுங்கம் கட்டினோம், அப்புறம் ஸ்டெபிலைசர், பூஸ்டர், பனைமர உயரத்துக்கு இரும்புக் குழாய் என்று ஒவ்வொன்றும் தனி விலை. உன் மனைவி ஜுபைதாவின் வளையல் அடகுக்குப் போய்விட்டது. தெரிவதோ பெங்களூர்க் கன்னடம், அதுவும் மழை பெய்கிற மாதிரி. டிஜிட்டல் என்றால் புள்ளி புள்ளியாகத் தெரிவதா என்று உன் அம்மா கேட்கிறாள்.

ஆண்டெனா கட்ட வந்த சென்னப்பன், கம்பத்தை இழுத்துக் கட்டும் கம்பிக்கு நாலு பீங்கான் வேண்டும், அது தனி என்றார். கரண்டு கம்பி வழியே இறங்காமல் தடுக்கிற பீங்கான் அது. காஜா சோறு தின்னும் பீங்கான் என்று நினைத்து, "எங்க வூட்டுப் பீங்கான்லயே சோறு போடறோங்க, நாலு வாங்கிட்டுப் போயி கடை வெக்கப் போறீங்களா" என்று சிரித்தான். அவரும் கோபத்தில் வெறும் கம்பியைக் கட்டிவிட்டுப் போனார். விறைப்பாக இருக்கிறதே என்று பெண்கள் அதில் துணி உலர்த்துகிறார்கள். போன வெள்ளிக்கிழமை காற்றில் கம்பம் சாய்ந்து மெயின் லைனை உரசியது. ஈரச்சேலை போடப்போன ஜுபைதாவைக் கரண்டு தூக்கி எறிந்துவிட்டது. ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளை அசைகிறது மாமா என்கிறாள், என் பயத்தைத் தணிக்கச் சொல்கிறாளோ தெரியவில்லை.

லைன்மேன் பச்சியப்பனைக் கூட்டிவந்தேன். காஜா வாசலிலேயே மறித்து, "அத்தாவுக்கு டார்ச் லைட்டுன்னாலே பயமுங்க, இது அண்ணன் சாமான், அண்ணன் சொன்னா எறக்கறேன்" என்று அனுப்பிவிட்டான். கம்பம் இன்னும் சாய்ந்தே நிற்கிறது, நானே கம்பியை வெட்டினால் லைன் மேல் விழும். ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொள்ளும்.

பதில் கடிதம் வேண்டாம். இது கிடைத்த அன்றே நீ காஜாவுக்குத் தந்தி கொடு, கம்பத்தை இறக்கு என்று. காஜா பச்சியப்பனை அழைக்க வேண்டும். அவர் கரண்டை நிறுத்திய பிறகுதான் சென்னப்பன் ஏறவேண்டும். ஜுபைதாவை உன் அம்மா தர்மபுரி டாக்டரிடம் காட்டி, மொரப்பூரில் அவள் தாய்வீட்டில் விடவேண்டும். அதுவரை யாரும் கம்பியைத் தொடாமல் நான் முற்றத்தில் காவல் இருப்பேன். தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கும் உன் பிள்ளைக்கும் ஆயுளைத் தரட்டும்.

உன் அத்தா,
அப்துல் கனி