பதினாறாம் கம்பம்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூடச் சாலையில் ஆறு குழாய்களையும் மாட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றும் விரல் நீளம்தான். விளக்குக் கம்பத்தில் மூன்று மீட்டர் உயரத்தில் கட்டிவிட்டால் நான்கு வாரம் வண்டிப் புகையை உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடக்கும். பிறகு கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். போன வருடம் இதே மாதங்களில் இதே கம்பங்களில் மாட்டினோம். அப்போது அந்தச் சாலையில் வண்டிகள் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வரை போகலாம். இப்போது ஆறு மாதமாக முப்பதுதான். புகை கூடியதா குறைந்ததா என்று பார்த்துவிட்டு, முப்பதை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று நகர மன்றம் முடிவு செய்யும்.

ஐந்து குழாய்களில் தொல்லையில்லை. ஆறாவது, பள்ளி வாசலுக்கு நேர் எதிரே பதினான்காம் கம்பம். அதன் அடியில் யாரோ ஒரு புண்ணியவான் காரை ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருந்தான். ஏணி வைக்க இடமில்லை. இருபது நிமிடம் நின்றேன். முட்டி வேறு காலையிலிருந்தே படுத்துகிறது. இரண்டு கம்பம் தள்ளி, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் பதினாறாம் கம்பம் காலியாக இருந்தது. அதில் மாட்டிவிட்டு, படிவத்தில் பதினான்கு என்றே எழுதினேன். இரண்டு கம்பத்துக்குள் காற்று என்ன ஊர் மாறியா போய்விடும்.

பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். 'நில்' என்று எழுதிய பலகையோடு நிற்பதால் பிள்ளைகளுக்கு அவர் நில்லக்கா. அவருக்கு நான் ஏணி சார். "ஏணி சார், உங்க முட்டி போடுற சத்தத்துக்கு வண்டியெல்லாம் தானா நிக்குது" என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

குழாய் மாற்றும் நாள். பதினான்காம் கம்பத்தடியில் இன்று கார் எதுவும் இல்லை. இருந்தாலும் பதினாறிலேயே மாட்டினேன். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்றால் கணக்கு உதைக்கும். தப்பிலும் ஓர் ஒழுங்கு வேண்டாமா.

ஏப்ரல் 29, செவ்வாய்

எல்லாவற்றையும் கழற்றி அனுப்பியாயிற்று.

மே 14, புதன்

முடிவு வந்துவிட்டது. ஐந்து கம்பங்களில் போன வருடத்தைவிட ஒரு நூல் குறைவு. பள்ளி வாசலில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

எங்கள் பிரிவின் பொறியாளர் மேடம் தாளை என் மேசைக்கே கொண்டுவந்தார். "வாசல்ல மட்டும் ஏன் இப்படி ஏறியிருக்கு? மெதுவாப் போனா புகை கூடும்னு சிலபேர் சொல்றாங்களே, அது நெஜந்தானோ?"

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. பதினாறாம் கம்பத்துக்கு நேர் கீழே பேருந்துகள் எஞ்சினை அணைக்காமல் நின்று ஆள் ஏற்றுகின்றன. குழாய் குடித்தது அந்தப் புகையை. முப்பதுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். வாய்வரை வந்தது. அதற்குள் மேடம், "நீங்க மாட்டின குழாய்னா நான் இன்னொரு தடவ பாக்குறதே இல்ல. பத்தொம்பது வருஷத்துல ஒரு தப்பு உண்டா?" என்றார். அதற்குப் பிறகு எங்கே சொல்வது. பல்லைக் காட்டினேன். சீ.

மே 20, செவ்வாய்

மச்சான் வந்திருந்தார். என் மனைவிக்கு அண்ணன். அந்தச் சாலையில்தான் அவருடைய மெத்தைக் கடை. கடைக்காரர் சங்கத்துக்கும் அவரே தலைவர். மெதுவாகப் போகச் சொன்னால் வாடிக்கையாளர் வேறு சாலைக்குப் போய்விடுவார் என்பது அவர் கட்சி. முப்பது வந்த நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை, அத்தனை மெத்தை வைத்திருந்தும்.

"மாப்ளே, உங்க நம்பர பேனர்ல போட்டுட்டேன். போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். சாலைக்குக் குறுக்கே கட்டியிருக்கிறார்: 'முப்பது வந்தது, புகை இருபது சதவீதம் கூடியது. எங்கள் பிள்ளைகள் மூச்சு விட வேண்டாமா?'

"எங்க வீட்டுக்காரர் எடுத்த அளவு" என்று மனைவி பக்கத்து வீட்டில் பெருமையடித்திருக்கிறாள்.

மே 23, வெள்ளி

பேனருக்குக் கீழே போக மனம் வராமல் மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போகிறேன்.

மே 28, புதன்

நில்லக்காவிடம் மாட்டிக்கொண்டேன். சுற்றுப்பாதையில்தான் அவர் வீடு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும். கையோடு பள்ளி வாசலுக்குக் கூட்டிப்போய், சாலையோரம் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட இரண்டு கோடுகளைக் காட்டினார்.

"ஒரு பிள்ள குறுக்க ஓடுதுன்னு வைங்க. முப்பதுல வர்றவன் அதப் பாத்துப் பிரேக்கடிச்சு இந்தக் கோட்டுக்குள்ள நின்னுடுவான். அம்பதுல வர்றவன் இதே கோட்டுக்கு வரும்போதுதான் பிரேக்ல காலே வைப்பான். அவன் நிக்கிறது அங்க." இரண்டாவது கோடு இன்னும் அவ்வளவு தூரம் தள்ளி இருந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளைகள் கடக்கிறார்கள்.

"மன்றத்துல பேச எனக்கு மூணு நிமிஷம் குடுத்திருக்காங்க. இதத்தான் சொல்லப்போறேன். புகையப் பத்திக் கேட்டா என்ன சொல்லட்டும் ஏணி சார்? அது உங்க பேட்டையாச்சே."

"நம்பர் அப்படித்தான் வந்திருக்கு" என்றேன். என்னமோ நம்பர் தானாக நடந்து வந்தது மாதிரி.

ஜூன் 3, செவ்வாய்

மன்றக் கூட்டம். உள்ளே போகுமுன் மேடம் கேட்டார்: "எல்லாம் சரிதானே? கம்பம், தேதி, எல்லாம்?"

"சரிதான் மேடம்."

இவ்வளவு சுலபமாக வருமென்று நானே நினைக்கவில்லை.

நில்லக்கா தாளைப் பிடித்துக்கொண்டு பேசினார். நன்றாகப் பேசினார். ஓர் உறுப்பினர் எழுந்து, "அம்மா சொல்றது மனசுல படுது. ஆனா அளவு வேற சொல்லுதே. காத்தும் பிள்ளைங்களுக்குத்தானே?" என்றார். ஐந்து குழாய்கள் சொன்னதை ஒருவரும் பேசவில்லை. இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் முப்பது போய்விட்டது.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கை மடியை விட்டு எழவில்லை. நில்லக்கா தாளை எட்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜூன் 6, வெள்ளி

'முப்பது' என்று எழுதிய பலகைகளைக் கழற்றினார்கள். என் ஏணியைத்தான் இரவல் கேட்டார்கள். கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

நில்லக்காவைக் கார் அடித்துவிட்டது. காலை எட்டு இருபதுக்கு.

எழுத வரவில்லை. பலகையத் தூக்கிக்கிட்டு ரோட்டுல இறங்கியிருக்காங்க. பிள்ளைங்க இன்னும் நடைபாதையிலதான். கார் நிக்கல. நிக்க முடியல. இடுப்பெலும்பும் தொடையெலும்பும். உயிருக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க. ஒண்ணுமில்லையாம்.

கார்க்காரன் ஐம்பதைத் தாண்டவில்லை என்று சத்தியம் செய்கிறானாம். அவன் பொய் சொல்லவில்லை. அங்கே இப்போது ஐம்பதுதான் சட்டம். நான் வாங்கிக் கொடுத்த சட்டம்.

ஜூன் 17, செவ்வாய்

மருத்துவமனை வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

மேடத்துக்குக் கடிதம் எழுதினேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இப்படி முடிந்தது: 'பழைய குறிப்புகளைச் சரிபார்த்தபோது, குழாய் பதினான்குக்குப் பதில் பதினாறாம் கம்பத்தில் தவறுதலாக மாட்டப்பட்டதை இப்போதுதான் கவனித்தேன்.'

இப்போதுதான். ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் ஒரு பொய்.

மேடம் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, எத்தன பேரு சொல்வாங்க?" புது அளவு வரும்வரை 'முப்பது' பலகைகளைத் திரும்ப மாட்ட மன்றத்திலிருந்து இன்றே ஆணை. இந்தத் தடவை பதினான்கிலும் பதினாறிலும் சேர்த்தே அளக்கப்போகிறோம்.

செப்டம்பர் 24, புதன்

புது அளவு வந்துவிட்டது. பதினாறாம் கம்பம் எந்த மாதமும் பதினான்கைவிட ஐந்தில் ஒரு பங்கு மேலேதான். அதன் அடியில் பேருந்துகள் நின்று ஆள் ஏற்றுகிறவரை அப்படித்தான் இருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால் முப்பதால் புகை சொல்லிக்கொள்ளும்படி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இந்த ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஒரு மனுஷியின் இடுப்பு போயிருக்கிறது.

முப்பது நிரந்தரமாகிவிட்டது. செய்தித்தாளில் என் படம், 'தவற்றைத் தானே முன்வந்து சொன்ன ஊழியர்' என்று. மனைவி அதை வெட்டிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். மச்சான்கூட பேனரை அவிழ்த்துவிட்டு, "நீங்க யோக்கியன் மாப்ளே. அதனாலதான் எனக்குக் கோவமே வரல" என்றார். செருப்பால் அடித்திருந்தால் தேவலை. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

அக்டோபர் 8, புதன்

நில்லக்கா வீட்டுக்குப் போனேன். நடைவண்டி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவரே கதவைத் திறந்தார். மெலிந்துவிட்டார். "வாங்க ஏணி சார், பேப்பர்ல எல்லாம் வந்துட்டீங்க" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"மே மாசமே எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்னது?"

"கம்பம் மாறிப்போனது. ரிசல்ட் வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"மன்றத்துல நான் பேசறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"பேப்பர்ல அப்படிப் போடலையே."

"நான் எழுதிக் குடுத்தது அப்படி."

அவர் மெல்லத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தார். உட்காரவே ஒரு நிமிடம் பிடித்தது. தாங்கப் போன என் கையை விலக்கிவிட்டார்.

"இத எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க? நான் நாலு வார்த்த திட்டினா உங்களுக்கு நெஞ்சு லேசாயிடும். நான் திட்டப்போறதில்ல. எங்க மாத்தி எழுதிக் குடுத்தீங்களோ அங்க போய் நெஜத்த எழுதிக் குடுங்க. குடுத்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

அக்டோபர் 9, வியாழன்

கொடுக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

மேடம் இன்று விடுப்பு. கேட்டதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கே என்னை நாலு சாத்து சாத்தலாம்.

அக்டோபர் 13, திங்கள்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. மாலையில் பார்த்தால் குளிர்ப்பெட்டிக் கதவு வெறுமையாக இருந்தது.

அக்டோபர் 15, புதன்

மேடம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத நான் வாங்கிட்டா உங்களுக்கு வேல நிக்காது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அன்னிக்குக் கூட்டத்துக்கு முன்னாடி நான் உங்களக் கேட்டேனே. வாயத் தொறந்து கேட்டேனே."

"கேட்டீங்க."

அவர் தேதி முத்திரையைக் குத்தி, நகலை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு கோப்பைத் திறந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது இன்றுதான்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் போன் போட்டேன்.

"குடுத்துட்டேங்க்கா."

"என்னன்னு எழுதினீங்க? படிங்க."

நகலை எடுத்துப் படித்தேன். மே பதினான்காம் தேதியே எனக்குத் தெரியும், தெரிந்தேதான் மன்றத்தில் வாய் திறக்காமல் இருந்தேன் என்ற வரி வந்ததும், "அத இன்னொரு தடவ படிங்க" என்றார்.

படித்தேன். பாதியில் நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். மீண்டும் முதலிலிருந்து படித்து முடித்தேன்.

மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு வாய் ஏது. கேட்கவில்லை. அந்தப் பக்கம் தரையில் நடைவண்டியின் இரும்புக் கால் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, வெச்சிடறேன்" என்றார். "இருபது அடி நடந்து பழகச் சொல்லியிருக்காங்க. பதினொண்ணுலயே நின்னுட்டேன்."