பல்லில் படாத பச்சைத் தண்ணீர்

என் தாசு மச்சான்,

நேற்று கரீம் பாய்க்கு ஆபரேஷன். உன்னைப் படுக்கவைத்த அதே வார்டு, அதே டாக்டர். கட்டில் மட்டும்தான் வேறு. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? உன் தங்கச்சியிடம் சொன்னால் அழுவாள். எனக்கு அழுகை வருவதில்லை. நீ போன நாளிலிருந்தே உள்ளே ஏதோ மரத்துக் கிடக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. ஆம்பூரில் பதப்படுத்திய தோலை அப்படியே கப்பலேற்றிய காலம் மலையேறிவிட்டது. இப்போது ஷூவின் மேல்பாகத்தையே தைத்து அனுப்புகிறார்கள். உன் மனைவி ரூத்தும் அங்கேதான் மிஷின் தைக்கிறாள். கிரிக்கெட்டில் நம் ஆட்கள் உலகக் கோப்பை வாங்கினார்கள் மச்சான். ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு திரிந்த உனக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

கரீம் பாய் உன்னைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. தோல் ஷாப்பில் நீங்கள் இரண்டு பேரும் தோலைப் பதப்படுத்தும் ஒரே டிரம்மில் வேலை பார்த்தவர்கள். ரம்ஜான் மாதம் வந்தால் அவரோடு சேர்ந்து நீயும் சில நாள் ரோஜா வைப்பாய். அவர்கள் நோன்பை ரோஜா என்று சொல்ல, நீயும் அப்படியே சொல்லப் பழகிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சு, ரம்ஜான் மாலையில் நோன்புக் கஞ்சிக்கு முதல் ஆள் என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் வைத்தால் சுத்தமாக வைப்பாய். உச்சி வெயிலிலும் எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே வேலை செய்த ஆள் நீ.

"கரீம் சொல்லிக் குடுத்தது மச்சான். வெச்சா ஒழுங்கா வெக்கணும்" என்பாய்.

உனக்கு வேலை செய்தது ஒரே ஒரு சிறுநீரகம். மற்றது எப்போதோ கல்லடைத்துச் சுருங்கிவிட்டது. மிச்சம் இருந்ததிலும் பெரிய கல் என்று தெரிந்ததும் வேலூருக்குக் கூட்டிவந்தேன். நான் இங்கே ஆபரேஷன் தியேட்டருக்குக் கட்டில் தள்ளுகிறவன் என்பதால், டாக்டர் உன்னிடம் பேசும்போது என்னையும் பக்கத்தில் நிற்கவிட்டார். கல்லை எடுக்கச் சிறுநீரகத்தைத் திறக்கவேண்டும், திறக்கும்போது அதற்குப் போகும் ரத்தக்குழாயை இடுக்கி போட்டுக் கொஞ்ச நேரம் அடைக்கவேண்டும் என்றார். ரத்தமில்லாமல் பட்டினி கிடக்கிற சிறுநீரகம் சில சமயம் பிறகு விழிப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"பீட்டா பிளாக்கர்னு ஒரு மாத்திரை தர்றேன். உங்க ரத்தக்கொதிப்புக்கும் அது மருந்துதான். ரத்தத்த நிறுத்துறதுக்கு முன்னாடியே அது உடம்புல இருந்தா கிட்னி தாங்குதுன்னு மிருகங்கள்ல பார்த்திருக்காங்க. மனுஷனுக்கு நிச்சயம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஆபரேஷன் அன்னிக்குக் காலையில ஒரு வாய்த் தண்ணியில போட்டுடுங்க. அப்புறம் போட்டுப் பிரயோஜனம் இல்ல."

நீ தலையாட்டினாய். நானும் ஆட்டினேன்.

சாயங்காலம் நர்சம்மா மாத்திரைப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்தார். கூடவே, எல்லாக் கட்டிலிலும் சொல்வதை உனக்கும் சொன்னார். "தாஸ், ராத்திரி சாப்பாட்டோட சரி. அப்புறம் பச்சத்தண்ணி கூடப் பல்லுல படக்கூடாது, புரிஞ்சிதா?"

சுத்தப் பட்டினியை நம் பக்கத்தில் வேறு எப்படிச் சொல்வார்கள்? அவர் சொன்னதில் தப்பில்லை. கேட்டது நீ என்பதுதான் பிரச்சினை.

காலையில் உன் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். "வாய் காயுது மச்சான்" என்று சொல்லிச் சிரித்தாய். ஆபரேஷனுக்குப் போகிற எல்லாரும் சொல்வதுதானே என்று நானும் சிரித்தேன்.

கல் வந்துவிட்டது. சிறுநீர்தான் வரவில்லை. குழாயின் முனையில் மாட்டிய பாட்டில் காலியாகவே தொங்கியது. ரூத் உள்ளே வந்தால் உன் முகத்தைப் பார்க்கும் முன் அந்தப் பாட்டிலைத்தான் பார்ப்பாள். உன் முகம் வீங்கியது, கால் வீங்கியது. ரத்தத்தைச் சுத்தப்படுத்த வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு எடுத்துப் பார்த்தார்கள். பிறகு நீ போய்விட்டாய்.

உன் சட்டையை மடிக்கும்போது பையில் ஏதோ தட்டுப்பட்டது. பிரிக்காத பொட்டலம், உள்ளே அந்த மாத்திரை. ரூத் கண்ணில் படாமல் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டிருந்தா பொழைச்சிருப்பாரான்னு கேக்காதீங்க சாமுவேல். எனக்குத் தெரியாது" என்றார். நான் கேட்கவே இல்லை.

கரீம் பாயிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்சிலை விழுங்காமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. தெரிந்தால் அந்த மனுஷன் தாங்கமாட்டார் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அவருக்கும் கல். நல்லவேளை, ஒரு பக்கம்தான்; மற்ற சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. நேற்றுக் காலை நான் கட்டிலைத் தள்ளப் போனபோது உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே மாத்திரை.

"சாமுவேல், நம்ம தோஸ்த் இத போட்டானா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான் மச்சான். போட்டான் என்றால், போட்டும் செத்தான் என்று அவர் அதைத் தூக்கி எறிவார். போடவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். நீ என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"போடல பாய்."

"இன்னாத்துக்குப் போடல?"

"பச்சத்தண்ணி கூடப் பல்லுல படக்கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க. அவன் ரோஜா மாதிரி நெனச்சுட்டான். சட்டப் பையில அப்படியே இருந்துச்சு."

அவர் உள்ளங்கையிலிருந்த மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார்.

"நோயாளிக்கு ரோஜா கடமை இல்ல சாமுவேல். மருந்து சாப்புடணும்னா வுட்டுடலாம். ஒடம்பு தேறினப்புறம் அந்த நாள வெச்சுக்கலாம். எச்சில முழுங்காதடான்னு சொன்னேன். இத அவனுக்குச் சொல்லவே இல்லியே நான்."

"ரோஜா வெச்ச நாள்ல எல்லாம் அவன் நல்லாத்தானே இருந்தான் பாய். நீங்க எதுக்குச் சொல்லப்போறீங்க?"

நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. தம்ளரை நீட்டினேன். மாத்திரையை வாயில் போட்டுக் குடித்தார்; பாதித் தண்ணீர் தாடியில் வழிந்தது. வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். பெரிய மனுஷர், ஏன் என்று கேட்காமல் நாக்கை நீட்டிக் காட்டினார்.

இன்று காலை அவர் பாட்டிலில் சிறுநீர் இருந்தது. லேசாக ரத்தம் கலந்து, ஆனால் இருந்தது. "இவருக்கு இன்னொரு கிட்னி இருக்கு. இத வெச்சு மாத்திரையப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சரிதான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாட்டிலைப் பார்த்தேன், அடுத்த கட்டிலைத் தள்ளப் போய்விட்டேன். எனக்கு உன்மேல் கோபம் என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. ஒரு வாய்த் தண்ணீர்தானேடா மச்சான்.

கரீம் பாய் தேறியதும் உன் கல்லறைக்கு வரவேண்டும் என்கிறார். உன்னிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டுமாம். கூட்டிக்கொண்டு வருகிறேன்.

வார்டில் நர்சம்மாக்கள் மாறிவிட்டார்கள், அந்தச் சொல் மாறவில்லை. இன்று சாயங்காலமும் ஒரு கட்டிலருகே அது காதில் விழுந்தது. இனி யார் அதைச் சொன்னாலும் அவர்கள் பின்னாலேயே நான் போவேன். மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய்த் தண்ணீர் உண்டு என்று சொல்வேன். காலையில் அது தொண்டையில் இறங்குவதைப் பார்க்காமல் கட்டிலை நகர்த்தமாட்டேன். இது உன் தங்கச்சிமேல் சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டியவன், உன் கட்டிலைத் தள்ளியவன்,
உன் மச்சான் சாமுவேல்