ஒரே அறையில் இரண்டு வருகைப் பேராசிரியர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருமல் விட்டுவிட்டது, கண்ணாடி மாற்றிவிட்டேன், மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நீ போனில் வரிசையாகக் கேட்கும் மூன்று கேள்விக்கும் பதில் ஆகிவிட்டது. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடு.

குட்டிக்குப் பல் முளைத்த படத்தை மேசைமேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் பாரம் தூக்க வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

இந்த நடத்தைப் புள்ளியியல் துறைக்கு இந்த ஆறு மாதத்துக்கு வருகைப் பேராசிரியர்கள் என்னையும் சேர்த்து இரண்டு பேர். அறை ஒன்று, சாவியும் ஒன்று. ஓர் ஆள்தான் வருகிறார் என்று அலுவலகத்தில் நினைத்துவிட்டார்களாம். மனிதர்கள் எப்படித் தப்புத் தப்பாக எண்ணுகிறார்கள் என்று பாடம் நடத்தும் துறையில் இந்த லட்சணம்! இன்னொருவர் நெடுநெடுவென்று ஒரு மனிதர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் சாத்தும் ஜன்னலையெல்லாம் அவர் திறப்பார். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் ஜன்னல்காரர்.

உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறார் என்று நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன், ஆதாரத்தோடு துறைத் தலைவரிடம் போகலாமென்று. மூன்றாவது வாரம் என் நோட்டு என்று நினைத்து அவருடையதை எடுத்துவிட்டேன். இரண்டும் துறை கொடுத்த ஒரே மாதிரி நோட்டு. அதிலும் பின்பக்கம் முழுக்கக் கோடுகள், மேலே 'சிரிப்பு' என்று தலைப்பு. நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை சிரிக்கிறேன் என்று அந்த மனிதர் எண்ணி வைத்திருக்கிறார்! செவ்வாய்க்கிழமைகளில் குறைவு. அன்றுதான் துறைக் கூட்டம்.

எனக்குக் கோபம் வரவில்லை. என் கோடுகளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை ஒண்ணு கூடுதலா இருக்குங்க, அது காத்துல தானா திறந்தது" என்றார். உன் அப்பா போன இந்தப் பதினோரு வருடத்தில் நான் அப்படி வயிறு வலிக்கச் சிரித்ததில்லை.

பிறகு இருவரும் சேர்ந்தே ஓர் ஆய்வு செய்தோம். நானூறு மாணவர்களிடம், தேர்வில் எப்போதாவது பார்த்து எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டோம். நேராகக் கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் ஆளுக்கொரு நாணயம். மறைத்துச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் மட்டும் உண்மையை எழுத வேண்டும். யார் 'ஆமாம்' சொன்னாலும் அது நாணயம் சொன்னதா, அவர் சொன்னதா என்று நமக்குத் தெரியாது. ஆனால் தலை விழுந்திருக்கக்கூடிய பாதிப் பேரைக் கழித்துவிட்டால் மொத்தத்தில் கணக்கு வந்துவிடும். பத்தில் மூன்று பேர் என்று வந்தது. துறைத் தலைவர் அந்த மூன்று பேர் யார் யார் என்று பட்டியல் கேட்கிறார். அவரை என்ன செய்ய!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை மதியம் ஜன்னல்காரர் ஒரு நாணயத்தை என் கையில் வைத்து, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அதே விதிதானாம். எனக்குச் சங்கடம் வரக் கூடாதே என்று அப்படிச் செய்தாராம். சுண்டினேன், மறைத்துப் பார்த்தேன், 'ஆமாம்' என்றேன்.

முப்பது வருடம் இதைப் பாடம் நடத்தியவருக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. நானூறு பேரிடம் கேட்டால் விடை வரும். ஒருத்தியிடம் கேட்டால் ஒன்றுமே தெரியாது. முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். என்ன விழுந்தது என்று கேட்பது விதிப்படி தப்பு. கேட்காமலும் இருக்க முடியவில்லை. நாலு நாளாக ஜன்னலைத் திறக்கக்கூட மறந்துவிடுகிறார். நானே திறந்து வைக்கிறேன்.

பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன்னைக் கேட்காமல் அவரிடம் சொல்வதாக இல்லை. ஊர் என்ன பேசும் என்ற பயம் எனக்கில்லை. அப்பா இருந்த இடத்தில் இன்னொருவரா என்று நீ மனசுக்குள் சுருங்கிப் போனால் அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

போனில் கேட்டால் நீ உடனே "உங்க இஷ்டம்மா" என்பாய். உன் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடிக்கட்டுமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாய். பத்து வருடம் அந்தச் சுவருக்குள் இருந்துவிட்டு, மஞ்சளே உனக்கு ஆகாது என்று போன வருடம்தானே வாய் திறந்தாய். அதனால்தான் இந்தக் கடிதம். நாலு நாள் எடுத்துக்கொள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுது. ஒரு பாட்டம் அழுதுவிட்டுத் தேறிவிடுவேன். எனக்காகச் சொன்ன 'சரி'யோடுதான் என்னால் இருக்க முடியாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும்.

உன் அம்மா

பி.கு.: நீ ஒளிக்காமல் எழுத வேண்டுமென்றால் முதலில் நான் ஒளிக்கக் கூடாது. அவருக்கு இன்னும் தெரியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன். விழுந்தது பூ.