மூடியைத் திறக்காதீர்கள்

மார்ச் 4

என் மருமகளுக்கு,

விவாகரத்து ஆனபின் இப்படி எழுதலாமோ கூடாதோ, வேறு சொல் எனக்கு வாயில் வரவில்லை. நீ விட்டுப்போன, மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கிற அந்த ஸ்லோ குக்கர் சமையல் மேடையிலேயே இருக்கிறது. அதில் ஸ்வீடிஷ் மீட்பால் என்று கறி உருண்டை செய்வாயே, பேத்தி எண்ணி எண்ணிச் சாப்பிடுவாளே, அந்தப் பக்குவத்தை எழுது. அவள் வந்தால் செய்து தருவேன். என் மகன் வேலை மாறி வெளியூர் போய்விட்டான். ஞாயிறு போனில் "சாப்டியா?" என்பான், அத்தோடு சரி. ஓட்டப்பந்தயத்தில் பேத்தி கோப்பை வாங்கிய படத்தை மீட்டர் பார்க்க வந்தவருக்கும் காட்டியாயிற்று. அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, பொறுத்துப் படி.

உன் அத்தை

மார்ச் 11

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கொத்துக்கறி அரை கிலோ, பாலில் ஊறிய ரொட்டித்தூள், முட்டை ஒன்று, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு, மிளகுத்தூள், சிட்டிகை ஜாதிக்காய்த்தூள். பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டி, வெண்ணெயில் சிவக்க வறுக்கவும். குக்கரில் எலும்பு சூப்போடு 'லோ' என்ற குறைந்த சூட்டில் ஆறு மணி நேரம். கடைசியில் கிரீம்.

குழந்தையை அனுப்புவது பற்றி இப்போது சொல்வதற்கில்லை.

குழந்தையின் அம்மா

மார்ச் 19

அம்மாடி,

பன்னிரண்டுக்கு வைத்தேன். ஆறு மணிக்குப் பார்த்தால் உருண்டை உள்ளே வேகாமல் சிவப்பு. குக்கர் கெட்டுவிட்டதென்று எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

"எத்தன தடவ மூடியத் தொறந்தீங்க பாட்டி?"

"எண்ணலப்பா."

"ஒவ்வொரு தடவையும் அர மணி நேரச் சூடு போயிடும். கறி எங்கயும் ஓடிப்போயிடாது, விடுங்க."

உன்னிடம் சொல்ல என்ன? திறந்தால் ஆவி முகத்தில் படுகிறது. யாரோ பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. அதற்குத்தான் திறந்தேன்.

கோர்ட்டில் நான் அவன் பக்கம் உட்கார்ந்தேன். நீ ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். உன் பெஞ்சில் யாருமே இல்லை. பார்த்தும் எழுந்து வரவில்லை நான்.

அத்தை

மார்ச் 27

அத்தைக்கு,

சனிக்கிழமை பன்னிரண்டுக்குக் குக்கரைப் போடுங்கள். ஆறுக்குக் குழந்தையை வாசலில் விடுகிறேன். அதுவரை தொடவே கூடாது. மூடியை அவள் திறக்கட்டும். கிரீம் ஊற்றுவதும் எப்போதும் அவள் வேலைதான்.

எட்டு மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். உள்ளே வர எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

எனக்கும் ஒரு டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்துவிடுங்கள்.