செல்வத்தின் முதுகில் போன உப்புத் தண்ணீர்

என் உயிரான பேச்சியக்கா,

உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். என் மகன் செல்வம் எழுந்துவிட்டான். கண் மூடும் வரை நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்கு இதுதான் பதில். ஆனால் சந்தோஷமாக எழுத முடியவில்லை அக்கா. அவன் முதுகில் போட்ட ஊசியில் மருந்தே இல்லையாம். வெறும் உப்புத் தண்ணீராம்.

எரியோட்டிலிருந்து சந்தைக்கு முருங்கைக்காய் மூட்டை ஏற்றி, வண்டியும் ஓட்டி, அவன் சுருண்டு விழுந்தது உனக்குத் தெரியும். தலைக்கு முன்னே கால் வந்து பிறந்தவள் நீ, அந்தக் கால் பட்டால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது ஊர் நம்பிக்கை. இடுப்பு பிடித்தவர்கள் எல்லாம் உன் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். நீ மிதித்தால் எழுந்து போவார்கள். அத்தை மகனும் அப்படித்தான் எழுந்து போனான். பிறகு உன்னைக் கல்யாணம் கட்டச் சொன்னபோது, "ஊரை மிதிக்கிற காலுக்கு நான் மெட்டி போடுறதா"ன்னு சிரித்தான். அவன் சாவுக்குக்கூட நான் போகவில்லை. இனியும் அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

செல்வத்தை மட்டும் உன் கால் எழுப்பவில்லை. அந்தக் கவலையோடுதான் நீ போனாய்.

நீ போன பிறகுதான் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் படத்தைக் காட்டினார் டாக்டர். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, வெயிலில் கிடந்த எலுமிச்சை மாதிரி வற்றிப்போயிருந்தது. ஆரோக்கியமான ஒருவர் கொடுத்த எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் என்று ஒன்றைப் பிரித்து வளர்த்து, அந்த ஜவ்வுக்குள் ஊசியால் விடுவார்களாம். அது உள்ளே பிழைத்துக்கொண்டால் ஜவ்வு தேறலாம். இன்னும் சோதனைதான், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எனக்கு முதலில் சொன்னது மட்டுந்தான் காதில் ஏறியது.

ஊசி போட்டார்கள். மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள். தினமும் செய்யச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சொந்தத்தில் பாதிப் பேரோடு பேச்சில்லாத நான், மஜ்ஜை கொடுத்த அந்த முகம் தெரியாத பிள்ளைக்காகச் செவ்வாய்க்கிழமை தோறும் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். அவன் உயிரில் ஒரு துளி என் மகனுக்குள் இருக்கிறது, அவனும் எனக்கு மகன்தான் என்று வைத்துக்கொண்டேன்.

போன வாரம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள். செல்வத்துக்கு விழுந்தது உப்புத் தண்ணீர்.

அப்படியென்றால் நான் யாருக்கு விளக்குப் போட்டேன்? என் பிள்ளைக்குள் யாருமே வரவில்லையா? ஏழை என்பதால்தானே ஏமாற்றினீர்கள் என்று டாக்டரைக் கேட்டுவிட்டேன். செல்வம் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"எம்மா, செத்த நேரம் சும்மா இரு. மொத நாளே சொன்னாங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணி. எனக்கு எதுன்னு அப்பப் பாத்த டாக்டருக்கே தெரியாது."

"தெரிஞ்சுதானாடா ஊசிக்குப் படுத்த?"

"ஆமா. ஒன்கிட்டச் சொன்னா விட்டிருக்க மாட்ட."

விட்டிருக்க மாட்டேன்தான். இதையும் மறக்க மாட்டேன்.

டாக்டர் கோபப்படவில்லை. ஓய்விலும் பயிற்சியிலும் பல பேருக்கு வலி தானாகக் குறையும், அதனால்தான் வலியைக் குறைத்தது மருந்துதானா என்று தெரிய இப்படி வைத்துப் பார்க்கிறோம் என்றார். மருந்து விழுந்தவர்கள் இவனைவிட நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன். இன்னும் கணக்குப் பார்த்து முடியவில்லை என்றார். அக்கா, அப்போது எனக்கு உன் வாசல்தான் ஞாபகம் வந்தது. உன் காலால் எழுந்தவர்களும் தானாகவே எழுந்தவர்கள்தானா? இதை யாரிடம் கேட்பேன்?

வேண்டுமானால் இப்போது உண்மையான ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். போடுங்கள் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். செல்வம்தான் வேண்டாம் என்றான். வலி இல்லாத முதுகில் எதற்கு ஊசி என்றான். டாக்டரும் அதுவே சரி என்றார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே பயம். உப்புத் தண்ணீர் என்று தெரிந்துவிட்டதே, இனி வலி திரும்பிவிடுமோ? அவன் செருப்பு மாட்டக் குனிந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மருமகள் கண்டுகொள்ளவே இல்லை, அது வேறு எரிச்சல். முந்தாநாள் அவனே என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"நீ பாக்குற பார்வையில இல்லாத வலியும் வந்துரும்மா. நான் குனியும்போது வேற எங்கிட்டாவது பாரு. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

அந்த ஆஸ்பத்திரியில் அவ்வளவு பேசிய நான், இதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன் அக்கா.

இன்று காலையில் பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று தரையில் புரண்டாள். தூக்கு என்று அவனிடம் கையை நீட்டினாள். முன்பு அவன் படுத்துக் கிடந்தபோது நீட்டி நீட்டி ஓய்ந்த கை. அவன் குனியப் போவது தெரிந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதையே பார்த்தேன். பின்னால் பிள்ளையின் அழுகை தரையிலிருந்து மேலே ஏறியது. அவன் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

இனி எவ்வளவு பயம் வந்தாலும் அவன் குனியும்போது பார்க்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் முதுகோடு ஒட்டிப் படுத்து வளர்ந்த தங்கச்சி,
செல்வத்தைப் பெற்றவள்